மோட்டார் சூடாகிறதா? காற்று போகிற வழியை முதலில் பாருங்கள்

நான் சிங்கப்பூருக்கு வந்து இரண்டாவது வருடம். ஒரு கொண்டோமினியத்தின் அடித்தளத்தில் பம்ப் ரூம், தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்ற 15 கிலோவாட் மோட்டார் இரண்டு. அதில் ஒன்று தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் டிரிப் ஆகும், அதாவது தானாக நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டு ரீசெட் அடித்தால் ஓடும், அப்புறம் மறுபடி டிரிப். அப்போது இருந்த சூப்பர்வைசர் "ஓவர்லோடு செட்டிங்கைக் கொஞ்சம் ஏத்தி விடு, சரியாயிடும்" என்றார். கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ரிலேயின் செட்டிங் அது. நானும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஏற்றிவிட்டேன். மூன்றாம் நாள் கதவைத் திறக்கும்போதே வார்னிஷ் கருகிய வாடை. ரீவைண்டிங்குக்கு (உள்ளே கம்பியைப் புதிதாகச் சுற்ற) அனுப்ப மோட்டாரைத் தூக்கும்போதுதான் கவனித்தேன்: தரை கழுவும் திரவம் வந்த அட்டைப் பெட்டிகளை யாரோ மோட்டாருக்குப் பின்னால் ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஃபேன் கவருக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான். பக்கத்து மோட்டாருக்குப் பின்னால் பெட்டி இல்லை, அது ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து மோட்டார் சூடு என்று யார் கூப்பிட்டாலும் நான் மோட்டாரைப் பார்ப்பதற்கு முன்னால் அதைச் சுற்றிப் பார்க்கிறேன். சூடு எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியே போக வேண்டும், வழியில் எது மறிக்கிறது, இந்த மூன்றைத்தான் தேட வேண்டும். துவாஸ் ஷிப்யார்டு, வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் பம்ப் ரூம், ஜூரோங் தொழிற்சாலை என்று எங்கே போட்டாலும் இதே கதைதான். புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கவரைக் கழற்றுவது, டெர்மினல் பெட்டியைத் திறப்பது எல்லாம் ஐசொலேட்டரை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, டேக் மாட்டி, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரில் பார்த்த பிறகுதான். பர்மிட் இல்லாமல் கை வைக்காதீர்கள். வயரிங்கை மாற்றுவது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் வொர்க்கரின் பொறுப்பு, அவர் இல்லாமல் நீங்களாகச் செய்யாதீர்கள். ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் இதில் ஷாக் வாங்கியிருக்கிறார்கள்: பெரிய மோட்டார்களுக்குள் ஈரம் படியாமல் இருக்கச் சின்ன ஹீட்டர் ஒன்று வைத்திருப்பார்கள், மோட்டார் நிற்கும்போதுதான் அது வேலை செய்யும், அதற்கு 230 வோல்ட் வேறு ஒரு பிரேக்கரிலிருந்து வரும். மோட்டார் பிரேக்கரை மட்டும் ஆஃப் செய்துவிட்டுக் கையை விட்டால் டெர்மினல் பெட்டிக்குள் அந்த ஹீட்டர் வயர் உயிரோடு இருக்கும்.

முதல் படி: எவ்வளவு சூடு என்று கணக்குப் போடுங்கள்

மோட்டார் வாங்கும் மின்சாரம் முழுவதும் ஷாப்ட்டுக்கு, அதாவது சுழலும் தண்டுக்குப் போவதில்லை. காப்பர் கம்பியில் கொஞ்சம், நிற்கும் ஸ்டேட்டர், சுழலும் ரோட்டார் இரண்டின் இரும்பில் கொஞ்சம், பேரிங்கிலும் காற்று உராய்விலும் கொஞ்சம் என்று சூடாகப் போய்விடும். 15 கிலோவாட், 4 போல், 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஇ என்பது மோட்டார் திறனின் தரம், எண் ஏற ஏறத் திறன் அதிகம். பழைய ஐஇ1 ரகத்தின் திறன் 88.7 சதவீதம். முழு லோடில் அது ஏறக்குறைய 1.9 கிலோவாட் சூட்டைக் கக்கும். ஐஇ3 ரகம் 92.1 சதவீதம், அதே வேலைக்கு 1.3 கிலோவாட் சூடு. சிங்கப்பூரில் 2018 அக்டோபர் 1 முதல் இந்தச் சாதாரண மூன்று ஃபேஸ் மோட்டார்களைப் புதிதாக விற்றால் ஐஇ3 ஆவது இருக்க வேண்டும் என்று சட்டம். மின் கட்டணத்துக்காக வந்த சட்டம் என்றாலும், பம்ப் ரூமில் நிற்கிற நமக்கு அதனால் சூடும் குறைந்தது.

1.3 கிலோவாட் என்பது ஒரு சின்ன கெட்டிலை இரவும் பகலும் கொதிக்கவிட்ட மாதிரி. அதை வெளியே கொண்டுபோக என்ன வேண்டும்? ஒரு கிலோவாட் சூட்டைக் காற்று சுமக்க வேண்டும், அந்தக் காற்று உள்ளே வந்தபோது இருந்ததைவிட 20 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நிமிடத்துக்கு சுமார் 2.5 கன மீட்டர் காற்று வேண்டும். அதே ஒரு கிலோவாட்டைத் தண்ணீர் 10 டிகிரி ஏற்றத்தில் சுமக்க நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்கூட வேண்டாம். 2.5 கன மீட்டர் என்றால் 2500 லிட்டர், இந்தப் பக்கம் ஒன்றரை லிட்டர். கப்பலில் இடம் இல்லாத இடத்தில் ஏன் தண்ணீர் கூலர் வைக்கிறார்கள், காற்றை நம்பும் மோட்டாருக்கு ஏன் சுற்றிலும் இவ்வளவு இடம் விட வேண்டும் என்பது இந்த ஒரு கணக்கிலேயே புரிந்துவிடும்.

இரண்டாம் படி: நேம்பிளேட்டைப் படியுங்கள்

மோட்டார் உடம்பில் இருக்கும் தகவல் தகடுதான் நேம்பிளேட். எல்லோரும் கிலோவாட்டையும் ஆம்பியரையும் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். கீழே இன்னும் மூன்று விஷயம் இருக்கும்.

ஒன்று, இன்சுலேஷன் கிளாஸ். பி கிளாஸ் என்றால் 130 டிகிரி வரை தாங்கும், எஃப் 155, எச் 180. வைண்டிங்கின் (உள்ளே சுற்றியிருக்கும் காப்பர் கம்பியின்) மிகச் சூடான இடத்துக்கான எண் இது, வெளி உடம்புக்கு அல்ல. இப்போது வரும் மோட்டார்களில் பெரும்பாலும் எஃப் கிளாஸ் இன்சுலேஷன் போட்டு, சூடு ஏற்றத்தை (சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு கூடுகிறது என்பதை) மட்டும் பி அளவுக்கு, அதாவது 80 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள். அந்த இடைவெளிதான் உங்கள் கையிருப்பு. இன்சுலேஷன் ஒவ்வொரு 10 டிகிரி அதிகச் சூட்டுக்கும் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும் என்று தொழிலில் ஒரு கணக்கு உண்டு. துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் ஓவர்லோடு செட்டிங்கை ஏற்றச் சொல்பவரிடம் எடுத்துச் சொல்ல இது போதும்.

இரண்டு, சுற்றுப்புற வெப்பம். தனியாக எதுவும் எழுதவில்லை என்றால் 40 டிகிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில்தான் 40 டிகிரி வருவதே இல்லையே என்பீர்கள். உண்மைதான், இங்கே இதுவரை பதிவான உச்சம் 37 டிகிரி, கடைசியாக 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் அதைத் தொட்டது. ஆனால் அது நிழலில், திறந்த வெளியில் எடுத்த அளவு. கதவு சாத்திய பம்ப் ரூமிலும், மொட்டை மாடியில் வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள்ளும் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள், 40 சுலபமாகத் தாண்டும். கப்பல் இன்ஜின் ரூமுக்கு இதனால்தான் கணக்கே வேறு: அங்கே காற்று 45 டிகிரி, கடல் நீர் 32 டிகிரி என்று வைத்து மோட்டார் செய்வார்கள். கரையில் ஓடின மோட்டாரை அவசரத்துக்குக் கப்பலில் மாட்டச் சொன்னால், அதே கிலோவாட்டை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்று, ஐசி என்று தொடங்கும் எண், மோட்டார் எப்படிக் குளிர்கிறது என்பதைச் சொல்லும் குறியீடு. இதுதான் நமக்கு முக்கியம்.

மூன்றாம் படி: ஐசி எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

முதல் இலக்கம் சூடு வெளியேறும் பாதையைச் சொல்லும். 0 என்றால் திறந்த மோட்டார், வெளிக்காற்று உள்ளே நுழைந்து வைண்டிங் மேலேயே பட்டு வெளியே போகும். 4 என்றால் மூடிய மோட்டார், சூடு உடம்புக்கு வந்து வரிவரியான ஃபின் வழியாகப் போகும். 6 என்றால் மோட்டார் முதுகில் காற்றுக்குக் காற்று மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உட்கார்ந்திருக்கும். 7 என்றால் உடம்பிலேயே தண்ணீர் ஓடும் ஜாக்கெட், 8 என்றால் மேலே காற்றுக்குத் தண்ணீர் மாற்றும் கூலர். பின்னால் வரும் இலக்கங்கள் அந்தக் காற்றையோ தண்ணீரையோ தள்ளுவது யார் என்று சொல்லும்: 0 என்றால் தானாக நகரும், 1 என்றால் ஷாப்டில் மாட்டிய ஃபேன், 6 என்றால் தனி மோட்டார் வைத்த ஃபேன், 8 என்றால் மோட்டார் வேறு ஏதோ காற்றோட்டத்தில் நிற்கிறது.

இனி படித்துப் பாருங்கள். ஐசி 411: மூடிய உடம்பு, உள்ளே ரோட்டார் காற்றைக் கிளறும், வெளியே ஷாப்ட் ஃபேன் ஊதும். நீங்கள் பார்க்கப்போகும் மோட்டாரில் பத்துக்கு ஒன்பது இதுதான். ஐசி 416: அதே உடம்பு, ஃபேனுக்கு மட்டும் தனி மோட்டார். ஐசி 418: சொந்த ஃபேன் கிடையாது, கூலிங் டவர் ஃபேன் மோட்டார் மாதிரி, தான் சுழற்றும் பெரிய ஃபேனின் காற்றிலேயே குளிரும். ஐசி 410: ஃபேனே இல்லை, உடம்பு மட்டும். ஐசி 01: திறந்த ரகம், ஜெனரேட்டர் ஆல்டர்னேட்டரில் (மின்சாரம் பிறக்கும் பகுதியில்) பார்க்கலாம். ஐசி 81டபிள்யூ: தண்ணீர் கூலர் வைத்த பெரிய மோட்டார், கப்பலின் த்ரஸ்டர், பெரிய கம்ப்ரஸர் பக்கம் இருக்கும்.

ஐசியையும் ஐபியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐபி 55 என்றால் தூசியும் தண்ணீரும் எவ்வளவு உள்ளே போகாது என்று அர்த்தம், கூலிங்குக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. நான் ஆறு மாதம் குழப்பிக்கொண்டிருந்தேன்.

நான்காம் படி: ஐசி 411 மோட்டாரைச் சுற்றி வாருங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

பின்னால் ஃபேன் கவர் இருக்கிறதே, அதன் ஜன்னல் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது. அங்கிருந்து ஃபின்களுக்கு நடுவே ஓடி ஷாப்ட் பக்கம் வெளியே வருகிறது. மோட்டார் ஓடும்போது ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைக் கவர் ஜன்னல் பக்கம் பிடியுங்கள், உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை என்றால் ஃபேன் உடைந்திருக்கலாம், ஷாப்டில் வழுக்கிக்கொண்டிருக்கலாம், ஜன்னல் அடைத்திருக்கலாம். காசு செலவில்லாத டெஸ்ட், பெரிய இன்ஜினியர்கள்கூடச் செய்ய மறந்துவிடுவார்கள்.

சுவருக்கும் கவருக்கும் எவ்வளவு இடைவெளி? மோட்டார் கம்பெனியின் கையேட்டில் இருக்கும். கையேடு இல்லை என்றால், காற்று நுழையும் வட்டத்தின் விட்டத்தில் கால் பங்காவது விடு என்பது வழக்கமான கணக்கு. அது குறைந்தபட்சம். இடம் இருந்தால் தாராளமாக விடுங்கள். செங்குத்தாக நிற்கும் மோட்டாரில் ஃபேன் தலைமேல் இருக்கும், அதற்கு மழைத் தொப்பி உண்டா, தொப்பிக்கும் ஜன்னலுக்கும் நடுவே மைனா கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மொட்டை மாடியில் நான் இரண்டு முறை கூட்டை எடுத்திருக்கிறேன்.

அடுத்து ஃபின். ஷிப்யார்டில் பிளாஸ்டிங் மணலும் பெயின்ட் தூளும், சமையல் கூடத்தின் எக்ஸாஸ்ட் மோட்டாரில் எண்ணெய்ப் பிசுக்கு, துணி துவைக்கும் இடத்தில் பஞ்சு. ஃபின்னுக்கு நடுவே இவை அடைத்தால் காற்று ஓட வழியில்லை. இன்னொன்று பெயின்ட். ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாலும் மோட்டாரைப் பளபளவென்று காட்ட ஒரு கோட் அடித்துவிடுவார்கள், பத்து வருடத்தில் அது போர்வை மாதிரி ஆகிவிடும், சில சமயம் நேம்பிளேட்டும் அதற்குள் புதைந்துவிடும். தூசியை எடுக்க மரக்குச்சி, பிரஷ், வேக்குவம் போதும். ஏர் கம்ப்ரஸர் வைத்து அடித்தால் அழுக்கு பேரிங் சீலுக்குள் போகும், திறந்த மோட்டாராக இருந்தால் வைண்டிங்குக்குள்ளேயே போய் உட்காரும். ஹோஸ் வைத்து ஜெட் தண்ணீர் அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அடிக்காதீர்கள்.

ஃபேன் மாற்றும்போது ஒரு விஷயம். சாதாரண ஃபேனின் இலைகள் நேராக இருக்கும், எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே மாதிரி ஊதும். சத்தம் குறைய வேண்டும் என்று சில வேகமான 2 போல் மோட்டார்களுக்கு இலை வளைந்த, ஒரு திசைக்கு மட்டுமான ஃபேன் போடுவார்கள். அதன் மேல் அம்புக்குறி இருக்கும். ஃபேஸை மாற்றி மோட்டார் திசையைத் திருப்பினீர்கள் என்றால் ஃபேனையும் மாற்ற வேண்டும்.

கையை வைத்துப் பார்ப்பது பற்றி: உடம்பு 60 டிகிரிக்கு மேல் போனால் கையை வைத்திருக்க முடியாது, ஆனால் முழு லோடில் ஓடும் ஆரோக்கியமான மோட்டாரின் உடம்பே 70, 80 டிகிரி இருக்கும். அதனால் "கை சுடுது, மோட்டார் போச்சு" என்று ரிப்போர்ட் எழுதாதீர்கள். அளந்து எழுதுங்கள்.

ஐந்தாம் படி: இன்வெர்ட்டரில் ஓடுகிறதா?

இன்வெர்ட்டர் என்று இங்கே சொல்வது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. ஷாப்டில் மாட்டிய ஃபேனுக்கு ஒரு குறை, மோட்டார் மெதுவாக ஓடினால் அதுவும் மெதுவாகத்தான் ஓடும். 50 ஹெர்ட்ஸிலிருந்து 25-க்கு இறக்கினால் காற்று பாதியாகிவிடும். சென்ட்ரிஃப்யூகல் பம்ப், ஃபேன் என்றால் பிரச்சினை இல்லை, வேகம் குறையும்போது லோடும் மளமளவென்று குறைந்துவிடும். கன்வேயர், கிரேன் ஹாயிஸ்ட், மிக்ஸர், ஸ்க்ரூ பம்ப் இதெல்லாம் அப்படி இல்லை. வேகம் பாதியானாலும் அதே டார்க்கைக் கேட்கும், அதே கரண்ட் ஓடும், அதே சூடு பிறக்கும். காற்று மட்டும் பாதி. ஓவர்லோடு ரிலே கரண்டை மட்டும்தான் பார்க்கிறது, கரண்ட் சரியாக இருக்கிறது, அதனால் அது வாயைத் திறக்காது. மோட்டார் அமைதியாக வெந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்துக்குத்தான் ஐசி 416. தனி ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஊதும். அதிலும் ஒரு வில்லங்கம்: அந்தச் சின்ன ஃபேன் மோட்டார் மூன்று ஃபேஸாக இருந்தால், இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், சுற்றுவதும் தெரியும், காற்று மட்டும் சரியாக வராது. மறுபடி டிஷ்யூ பேப்பர். ஃபேன் நின்றால் பெரிய மோட்டாரும் நிற்கும்படி இன்டர்லாக் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வைண்டிங்கில் தெர்மிஸ்டர் (சூட்டை உணரும் சின்ன சென்சார்) வைத்திருந்தால் அதைக் கட்டாயம் கனெக்ட் செய்யச் சொல்லுங்கள், கரண்டைப் பார்க்காமல் சூட்டையே நேராகப் பார்ப்பது அது ஒன்றுதான். எத்தனையோ மோட்டார்களில் அந்த இரண்டு வயரும் டேப் சுற்றி டெர்மினல் பெட்டி மூலையில் கிடக்கும். தெர்மிஸ்டர் வயரை மெகர் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துச் சோதிக்காதீர்கள், போய்விடும்.

ஆறாம் படி: இந்த ஊர் ஈரம்

இங்கே சூட்டைவிட ஈரம்தான் மோட்டாரை அதிகம் கொல்கிறது என்பது என் கட்சி. ஓடும் மோட்டார் சூடாக இருக்கும், ஈரம் அண்டாது. ஸ்டாண்ட்பை மோட்டார்தான் பாவம். ராத்திரி ஆறி, உள்ளே இருக்கும் ஈரக் காற்று வைண்டிங் மேல் துளியாகப் படியும். முன்னால் சொன்ன சின்ன ஹீட்டர் இதற்காகத்தான், அது வேலை செய்கிறதா என்று கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். உடம்பின் அடியில் இருக்கும் வடிகால் பிளக்கையும் பாருங்கள். மோட்டாரைப் பக்கவாட்டில் அல்லது செங்குத்தாக மாட்டியிருந்தால் அந்த ஓட்டை அடியில் இல்லாமல் வேறு பக்கம் இருக்கும், தண்ணீர் உள்ளேயே தேங்கும்.

ரொம்ப நாள் நின்ற மோட்டாரை ஓட்டுவதற்கு முன்னால் மெகர் போடுங்கள். சாதாரண 400 வோல்ட் மோட்டாருக்கு 5 மெகாஓம் என்பது ஏற்கத்தக்க அடிமட்டம். நல்ல மோட்டார் அதைவிடப் பல மடங்கு காட்டும், அதனால் 6 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், காய வைக்க ஏற்பாடு செய்யுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் மெகர்.

தண்ணீர் கூலர் வைத்த மோட்டாரில் ஈரம் வேறு வடிவத்தில் வரும். ஒரு கட்டடத்தில் கூலருக்குத் தண்ணீர் போதவில்லை என்று ஏர்கான் சில்லர் லைனிலிருந்து 7 டிகிரித் தண்ணீரை இழுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 26 டிகிரிக்கு இறங்கினாலே வியர்க்கத் தொடங்கிவிடும். 7 டிகிரிக் குழாயைச் சுற்றி என்ன நடக்கும்? கோப்பிக் கடையில் ஐஸ் போட்ட தே ஓ (பால் இல்லாத டீ) கிளாஸின் வெளிப்பக்கம் பாருங்கள், அதுதான், மோட்டாருக்குள்ளே. கூலிங் டவர் தண்ணீர் போதும், அளவைக் கூட்டுங்கள் என்று சொல்லி விட்டோம்.

அதே சமயம் இங்கே தண்ணீரும் அவ்வளவு குளிர்ச்சி இல்லை. தரை மோட்டார்களின் கூலரைச் சாதாரணமாக 25 டிகிரித் தண்ணீர் வரும் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள், நம் கடல் நீரோ வருடம் முழுக்க 27-லிருந்து 31 வரை. கூலரை ஆர்டர் செய்யும்போது இதைச் சொல்லாமல் விட்டால் முழு லோடு ஒரு நாளும் கிடைக்காது.

கூலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான்கு இடத்தில் சூட்டை எடுங்கள்: தண்ணீர் உள்ளே, தண்ணீர் வெளியே, சூடான காற்று, குளிர்ந்த காற்று. லோடு மாறாமல் இருக்கும்போது தண்ணீரின் ஏற்றம் முன்பைவிட அதிகம் என்றால் தண்ணீர் குறைவாக வருகிறது: வால்வு, ஸ்ட்ரெய்னர், பம்ப் பாருங்கள். தண்ணீரின் ஏற்றம் மாறவில்லை, ஆனால் குளிர்ந்த காற்றுக்கும் உள்ளே வரும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது என்றால் குழாய்க்குள் படிவு, கடல் நீர் என்றால் பாசியும் சிப்பியும். லீக் டிடெக்டர் இருந்தால் அதை ஒரு முறை தண்ணீர் ஊற்றி உண்மையிலேயே அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள், லைட் எரிவதை நம்பாதீர்கள்.

கழிவுநீர் தொட்டியில் முங்கி ஓடும் பம்புக்கு அந்தக் கழிவுநீர்தான் கூலர். கூலிங் ஜாக்கெட் இல்லாத ரகம் என்றால், மோட்டார் வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் இறங்குவதற்கு முன்னாலேயே ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் மட்டத்தோடு மிதக்கும் சுவிட்ச்) பம்பை நிறுத்திவிட வேண்டும்.

ஜெனரேட்டர் பக்கம்

கட்டடங்களில் இருக்கும் ஸ்டாண்ட்பை டீசல் செட்டின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் திறந்த ரகம். பின்பக்கம் காற்றை இழுத்து, வைண்டிங் மேலேயே ஓட்டி, இன்ஜின் பக்கம் வெளியே தள்ளும். அதனால் ரூமில் இருக்கும் தூசி, டீசல் புகை, உப்புக்காற்று எல்லாம் நேராக வைண்டிங்குக்குத்தான் போகும். 2013-லும் 2015-லும் புகைமூட்டம் வந்தபோது ஃபில்டர் வைத்த செட்டுகளில் அதை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், ஃபில்டரைக் கழற்றி எறிந்தால் அழுக்கு உள்ளே போகும், இரண்டுக்கும் நடுவில் ஒழுங்காகச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

பெரிய தப்பு ரூமில்தான் நடக்கும். ரேடியேட்டர் தள்ளும் சூடான காற்று டக்ட் வழியாக வெளியே போகாமல், டக்டின் ரப்பர் கிழிந்து, ரூமுக்குள்ளேயே சுற்றி ஆல்டர்னேட்டரின் வாய்க்கே திரும்பி வரும். மாதாந்திர டெஸ்டில் பதினைந்து நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டினால் இது தெரியவே தெரியாது. லோடு வைத்து ஒரு மணி நேரமாவது ஓட்டி, ஆல்டர்னேட்டர் காற்று உள்ளே போகும் இடத்தில் தெர்மாமீட்டர் வையுங்கள். வெளிக்காற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதல் என்றால் காற்று சுற்றி வருகிறது என்று சந்தேகப்படலாம்.

நேம்பிளேட்டிலும் ஒரு பொறி. சில ஆல்டர்னேட்டர்களில் ஸ்டாண்ட்பை அளவு 163 டிகிரி ஏற்றம், 27 டிகிரி சுற்றுப்புறம் என்று அடித்திருக்கும். தொடர்ந்து ஓடும் அளவோ எச் கிளாஸில் 125 டிகிரி ஏற்றம், 40 டிகிரி சுற்றுப்புறம். முதல் அளவில் கேவிஏ (செட் தரக்கூடிய மின் அளவு) அதிகமாகத் தெரியும், விலைக்கும் அழகாக இருக்கும். ஆனால் சிங்கப்பூரில் மத்தியான நேரத்து ஜெனரேட்டர் ரூமில் 27 டிகிரிக்கு எங்கே போவது? லோடு கணக்குப் போடுகிறவர் எந்த எண்ணை எடுத்தார் என்று பணிவாக ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

பவர் ஸ்டேஷன் ஜெனரேட்டர் நம் கைக்கு வருவது அபூர்வம், இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள், கேட்க ஆச்சரியமாக இருக்கும். பெரிய டர்பைன் ஜெனரேட்டர்களுக்குள் காற்றுக்குப் பதில் ஹைட்ரஜன் நிரப்புவார்கள். அதே அழுத்தத்தில் அதன் எடை காற்றில் பதினான்கில் ஒரு பங்கு, அதனால் ரோட்டார் கிழித்துக்கொண்டு ஓடும்போது உராய்வு குறைவு. சூட்டைக் கடத்துவதோ காற்றைவிட ஏழு மடங்கு. இப்படி முதல் டர்பைன் ஜெனரேட்டர் 1937-ல் அமெரிக்காவின் டேட்டனில் ஓடத் தொடங்கியது. வெடிக்காதா? காற்றில் 4-லிருந்து 74 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்தால் வெடிக்கும், அதனால் உள்ளே அந்த எல்லைக்கு மேலே, மிகத் தூய்மையாக வைத்திருப்பார்கள், ஷாப்ட் வெளியே வரும் இடத்தை எண்ணெயால் சீல் செய்வார்கள், திறப்பதற்கு முன்னால் கார்பன் டை ஆக்சைடை உள்ளே விட்டு ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். இன்னும் பெரியவற்றில் ஸ்டேட்டர் காப்பரே குழல் மாதிரி உள்ளே ஓட்டையாக இருக்கும், அதற்குள் உப்பு நீக்கிய தண்ணீர் ஓடும்.

வழி எல்லாம் திறந்திருந்தும் சூடாகிறது என்றால்

அப்போது சூடு அதிகமாகப் பிறக்கிறது என்று அர்த்தம். மூன்று ஃபேஸிலும் கரண்டை எடுங்கள், அப்புறம் வோல்டேஜ். வோல்டேஜில் 3 சதவீதம் ஏற்றத்தாழ்வு இருந்தாலே சூடு ஏற்றம் ஏறக்குறைய 18 சதவீதம் கூடும். அந்தச் சதவீதத்தை அதனாலேயே பெருக்கி இரண்டால் பெருக்கு என்பது வழக்கில் உள்ள கணக்கு. ஸ்டார்ட் எத்தனை தடவை என்று எண்ணுங்கள். ஸ்டார்ட் கரண்ட் ஆறு மடங்கு என்றால் காப்பர் சூடு முப்பத்தாறு மடங்கு, அந்த நொடிகளில் ஃபேனும் இன்னும் வேகம் பிடித்திருக்காது. ஃப்ளோட் சுவிட்ச் கெட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் ஆகும் பம்புகளைக் கழிவுநீர் தொட்டியில் பார்ப்பீர்கள். பேரிங் மட்டும் சூடாக இருந்தால் யார் கடைசியாகக் கிரீஸ் வைத்தார்கள் என்று கேளுங்கள், குறைவாக வைத்துக் கெட்டதைவிட அள்ளித் திணித்துக் கெட்டதுதான் நான் அதிகம் பார்த்தது.

இதெல்லாம் முடிந்து, காரணம் கையில் கிடைத்த பிறகு, ஓவர்லோடு செட்டிங்கைப் பாருங்கள். நேரடி ஸ்டார்ட்டர் என்றால் நேம்பிளேட் ஆம்பியர். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலேயை உள்ளே வரும் சப்ளை லைனில் இல்லாமல், மோட்டார் வைண்டிங்குக்குப் போகும் வயரில் வைத்திருந்தால் அதில் 0.58 பங்கு. அதற்கு மேல் யார் ஏற்றச் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன நோட்டு வாங்கிப் பையில் வையுங்கள், முஸ்தபா கடையில் ஒன்றிரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பக்கம். நேம்பிளேட்டை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு மாதம் ஒரு முறை, முடிந்தால் மத்தியானம் மூன்று மணி வாக்கில், அதே லோடில், உடம்பின் நடுவில் அதே இடத்தில் மார்க்கர் பேனாவில் புள்ளி வைத்து, அந்தப் புள்ளியின் சூட்டையும் ரூம் சூட்டையும் எழுதுங்கள். பளபளக்கும் இரும்பில் லேசர் தெர்மாமீட்டர் பொய் சொல்லும், புள்ளிக்குக் கீழே ஒரு கறுப்பு டேப் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். மோட்டார் சூட்டிலிருந்து ரூம் சூட்டைக் கழித்தால் வரும் எண்தான் நீங்கள் பார்க்க வேண்டியது. போன மாதம் 34, இந்த மாதம் 35 என்றால் விடுங்கள். 34 இருந்தது 46 ஆனால், கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் மோட்டாருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், யாராவது பெட்டி அடுக்கியிருப்பார்கள்.